காற்சட்டை 32, வயிறு 92

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வயது 34, உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 64 கிலோ. எடைக் கிலோவை உயர மீற்றரின் வர்க்கத்தால் வகுக்கிற பி.எம்.ஐ கணக்குப் போட்டால் 22.7, அதாவது "நோர்மல்". அவருடைய அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. அந்தப் பயத்தில் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கியிருக்கிறார். அது உடம்பில் 27 சதவீதம் கொழுப்பு என்கிறது. ஜிம்மில் கையால் பிடிக்கிற மெஷின் 21 என்கிறது. எதை நம்புவது, கொழும்புக்குப் போய் டெக்ஸா (எக்ஸ்ரேயால் உடம்புக் கொழுப்பை அளக்கிற) ஸ்கான் எடுத்தால் சரியான கணக்குத் தெரியுமா, அதை வைத்து எனக்கும் அப்பாவைப் போல வருமா என்று சொல்ல முடியுமா என்பது கேள்வி.

இடுப்பளவு என்ன என்று நான் திருப்பிக் கேட்டேன். "காற்சட்டை சைஸ் 32, அப்படியென்றால் 81 சென்ரிமீற்றர்" என்று எழுதினார். சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள் என்றேன். மறுநாள் வந்த பதில்: 92.

தம்பி, நீங்கள் தேடிக்கொண்டிருந்த எண் அந்த 92 தான். 27-உம் இல்லை, 21-உம் இல்லை, கொழும்பில் கிடைக்கப் போகிறதும் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் அரச ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தவள். கடைசிப் பன்னிரண்டு வருடம் தொற்றா நோய் கிளினிக்கில். டேப்பும் பிரஷர் மெஷினும்தான் என் கையில் எப்போதும் இருந்தவை.

முதலில் அந்தக் காற்சட்டைக் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கிளினிக்கில் அநேகமாக ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்தேன். நம் ஆண்கள் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே கட்டுகிறார்கள். சாரமும் அப்படித்தான், வயிற்றைத் தாண்டி இறங்கித்தான் முடிச்சு விழும். வயிறு வருடா வருடம் முன்னுக்கு வர, பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். காற்சட்டை சைஸ் மட்டும் பத்து வருடமாக அதே 32. அதனால் "எனக்கு உடம்பு வைக்கவில்லை" என்று மனதார நம்பிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அளக்கிற இடம்தான் பிழை.

இனி உங்கள் 92 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு உயரம் 168, பாதி 84. எட்டு சென்ரிமீற்றர் கூட. விகிதமாகச் சொன்னால் 0.55. பிரிட்டனில் நைஸ் என்கிற அமைப்பு 2022-இல் இந்த அளவை வழிகாட்டலில் சேர்த்தது. 0.4-இல் இருந்து 0.49 வரை நல்லது, 0.5-இல் இருந்து 0.59 வரை ஆபத்துக் கூடியது, 0.6-உம் அதற்கு மேலும் மிகக் கூடியது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005-இல் தெற்காசியருக்கென்று தனியாகக் கோடு போட்டது: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. ஐரோப்பிய ஆணுக்கு அது 94. நீங்கள் இரண்டு கணக்கிலும் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், பி.எம்.ஐ மட்டும் உங்களைப் பார்த்து நோர்மல் என்கிறது.

பி.எம்.ஐ-க்கு ஏன் இந்தக் குருட்டுத்தனம்? அது நோயைக் கண்டுபிடிக்கப் பிறந்த கணக்கே இல்லை. 1830-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடொல்ஃப் கெட்லே என்கிற கணித அறிஞர் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடியபோது, எடை உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து கூடுவதைக் கவனித்தார். 1972-இல் அமெரிக்காவில் அன்செல் கீஸ் அந்தக் கணக்கை எடுத்து இப்போதைய பெயரை வைத்தார். ஒரு நாட்டு மக்கள் மொத்தமாகப் பருக்கிறார்களா என்று பார்க்க அது நல்ல கருவி. ஒரு தனி மனிதனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. தராசுக்குத் தசையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. அதற்குக் கிலோ மட்டும்தான் தெரியும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு கடற்படை டாக்டர். 1942. நம் ஊர்க்காரருக்கு அந்த வருடம் வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட வருடம். அதே ஆண்டில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த அல்பேர்ட் பென்கி, எடைக் கணக்கில் "அளவுக்கு மீறிய பருமன்" என்று வரக்கூடிய அமெரிக்கன் ஃபுட்போல் வீரர்களைத் தண்ணீருக்குள் இறக்கி எடை பார்த்தார். கொழுப்பின் அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு, கிட்டத்தட்ட 0.9. தசையும் எலும்பும் சேர்ந்த மிச்ச உடம்பு 1.1. அதனால் கொழுப்புக் கூடிய உடம்பு தண்ணீருக்குள் லேசாகும், தசை கூடிய உடம்பு இறங்கும். டச்சுக்குடாவில் குளித்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, யார் சுலபமாக மிதப்பார் என்று தெரியும். பென்கி பார்த்த வீரர்களில் பலருக்குக் கொழுப்பு குறைவு, எடை முழுவதும் தசை. பருமன் என்று அவர்களை ஒதுக்கியிருந்தால் அது தவறு.

நம்முடைய பிரச்சினை அதன் மறுபக்கம். எடை குறைவு, ஆனால் உள்ளே கொழுப்புக் கூட. இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று வந்தது. ஒருவர் பூனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ சரியாக 22.3. டெக்ஸாவில் பார்த்தால் யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. தராசும் உயர அளவுகோலும் ஒரே பதிலைச் சொன்ன இரண்டு உடம்புகளில், ஒன்றில் மற்றதை விட இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு.

உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் ஆசியருக்கு 23-இலேயே கவனம் எடுக்க வேண்டும், 27.5-இல் ஆபத்துக் கூட என்று சொன்னது. உங்களுடைய 22.7 அந்தக் குறைத்த கோட்டுக்கும் கீழேதான் நிற்கிறது. கோட்டை எவ்வளவு இறக்கினாலும் சிலர் தப்பிவிடுவார்கள். அதனால்தான் டேப் வேண்டும் என்கிறேன்.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? யாக்னிக் குழுவினர் பூனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பூனேக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, சவுதாம்ப்டனில் 3.5. தசை, வயிற்று உறுப்புகள் எல்லாம் சிறிதாக இருந்தன. முதுகுத் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே மெலிந்த உடம்பில் கொழுப்பு. அதற்கு முன்பே, 1989-இல், டேவிட் பாக்கர் என்கிற ஆங்கிலேய மருத்துவர் பழைய பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பிடித்து, குறைந்த எடையில் பிறந்து வளர்ந்த ஆண்களிடையே இதய நோய் மரணம் கூடியிருந்ததைக் காட்டினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1990-க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். இடம்பெயர்ந்து, முகாமில், அரை வயிற்றோடு இருந்த தாய்மார் பெற்ற பிள்ளைகள். நான் கையில் வாங்கிய எத்தனையோ குழந்தைகள் இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் மெல்ல முன்னுக்கு வருகிற வயது. தம்பி, நீங்களும் அந்த வயதுக்காரர்தான். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், பிறந்தபோது எத்தனை கிலோ என்று. குறைந்த எடையில் பிறந்து, வளர்ந்த பிறகு வயிறு வைத்தவர் மற்றவரை விடக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியவர்.

சரி, கொழுப்பு கூட என்பது மட்டுமா விஷயம்? எங்கே இருக்கிறது என்பது அதை விடப் பெரிய விஷயம். 1947-இலேயே பிரான்சின் மார்செயில் இருந்த ஜோன் வாக் என்கிற டாக்டர் இதைக் கவனித்திருந்தார். மேலுடம்பில் கொழுப்புச் சேர்கிறவர்களுக்குச் சீனி வருத்தமும் இரத்தக் குழாய் நோயும் கூட வருகின்றன, தொடையிலும் பின்புறத்திலும் சேர்கிறவர்களுக்கு அப்படியில்லை என்று எழுதினார். பல வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கொழுப்பு இரண்டு இடத்தில் தங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தோலுக்கு அடியில், விரலால் கிள்ளிப் பிடிக்கலாம். மற்றது வயிற்றுச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றி, ஈரலைச் சுற்றி. அதைக் கிள்ள முடியாது. அதனால்தான் சில ஆண்களின் வயிறு தொட்டால் கல்லுப்போல இருக்கும், தொளதொளப்பாக இருக்காது. "இது கொழுப்பில்லை மிஸி, காற்று" என்பார்கள். காற்றில்லை. உள்ளே நிறைந்த கொழுப்பு வயிற்றுத் தசையை வெளியே தள்ளுகிறது.

உள்கொழுப்பின் இரத்தம் பெரும்பாலும் ஈரலுக்குப் போகிற பெரிய நாளத்தில் நேராகக் கலக்கிறது. அந்தக் கொழுப்புச் செல்கள் சும்மா இருப்பவை அல்ல. கொழுப்பமிலங்களையும் அழற்சியைத் தூண்டுகிற இரசாயனங்களையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஈரலிலும் கொழுப்புப் படிகிறது. ஈரல் ட்ரைகிளிசரைட் என்கிற கொழுப்பைக் கூட்டி இரத்தத்தில் விடுகிறது, நல்ல கொலஸ்ட்ரோல் ஆன எச்.டி.எல் இறங்குகிறது, இன்சுலின் சொல்லுக் கேட்காமல் போகிறது, சீனி ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது. இதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவரில் இவை எல்லாம் சேர்ந்து வேலை பார்க்கின்றன. நம்மவர்களின் இரத்தப் பரிசோதனையில் அடிக்கடி காண்கிற கோலமும் இதுதான்: கெட்ட கொலஸ்ட்ரோல் பயப்படும் அளவுக்கு இருக்காது, ட்ரைகிளிசரைட் கூட, எச்.டி.எல் குறைவு.

இடம்தான் முக்கியம் என்பதற்கு இதை விட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது: 2004-இல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் இருந்து ஏறத்தாழ 9, 10 கிலோ. சில வாரம் கழித்துப் பார்த்தபோது இன்சுலின், பிரஷர், கொலஸ்ட்ரோல், அழற்சி அளவு எதிலும் முன்னேற்றமில்லை. அதே அளவு எடையைச் சாப்பாட்டாலும் நடையாலும் குறைத்திருந்தால் அத்தனையும் மாறியிருக்கும். உறிஞ்சி எடுத்தது தோலுக்கு அடியில் இருந்ததை. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது.

தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பை எதிரியாகப் பார்க்க வேண்டாம் என்றும் இதில் இருந்து விளங்கும். அது ஒரு பத்திரமான களஞ்சியம். தெற்காசியருக்கு அந்தக் களஞ்சியம் சிறிது, சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, மிச்சம் உள்ளே வழிகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. நான் பார்த்தவற்றோடு அது பொருந்துகிறது. தொடையும் பின்புறமும் பருத்த ஓர் அக்கா, 78 கிலோ, ஒவ்வொரு முறையும் அழுகிற முகத்தோடு தராசில் ஏறுவார். இடுப்பு 79. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் வருடா வருடம் நன்றாகவே இருந்தன. அதே நாளில் வந்த ஒருவர், மெலிந்த உடம்பு, 58 கிலோ, ட்ரைகிளிசரைட் 300-ஐத் தாண்டியிருந்தது. இடுப்பு 94. தெருவில் இருவரையும் பார்க்கிறவர்கள் யாரைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள்? பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு மாறத் தொடங்கும். எடை மாறாமலே இது நடக்கும். ஐம்பது வயது அம்மாவுக்கும் டேப் வேண்டும்.

இப்போது உங்கள் மெஷின்களுக்கு வருவோம். இரண்டும் செய்வது ஒரே வேலை, உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை விட்டு அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கின்றன. தசையில் தண்ணீர் கூட, மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் போகாது. தடையை அளந்து, நீங்கள் கொடுத்த வயது, உயரம், ஆண் பெண் என்பவற்றோடு ஒரு சூத்திரத்தில் போட்டுச் சதவீதம் காட்டுகிறது. அளப்பது தடையை, காட்டுவது ஊகத்தை. வீட்டுத் தராசில் மின்சாரம் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கும். ஜிம் மெஷினில் ஒரு கையால் போய் மற்றக் கையால் வரும். முதலாவது பெரும்பாலும் கால்களைப் பார்த்தது, இரண்டாவது கைகளைப் பார்த்தது. உங்களுக்குத் தெரிய வேண்டிய வயிற்றை இரண்டுமே சரியாகப் பார்க்கவில்லை. 27-உம் 21-உம் ஒத்துப்போகாததில் ஆச்சரியம் இல்லை.

தண்ணீர் குறைந்தாலும் தடை கூடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து ஏறினால், காலையில் காட்டியதை விடக் கூடுதல் கொழுப்பைக் காட்டும். சாப்பிட்ட உடன், உடற்பயிற்சி முடிந்த உடன், எல்லா நேரமும் வேறு வேறு எண். தராசை வீச வேண்டாம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, ஒரே நேரத்தில் ஏறினால் மாதக் கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், அவ்வளவுதான். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் அதில் ஏறவே கூடாது. உங்கள் அப்பாவுக்கு வைத்திருந்தால் கவனம்.

தோலைக் கிடுக்கியால் பிடித்து மடிப்பை அளக்கிற முறையும் உண்டு, மேல் கையில் முன்னும் பின்னும், தோள்பட்டைக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே. பழகிய கை வேண்டும். அப்போதும் தோலுக்கு அடியில் இருப்பதைத்தான் அளக்கும்.

டெக்ஸா நல்ல கருவி. இரண்டு விதமான எக்ஸ்ரே கதிரை விட்டு எலும்பு, கொழுப்பு, மிச்சத் திசு மூன்றையும் பிரிக்கிறது. எலும்புத் தேய்வு பார்க்க வந்த மெஷின் அது. கதிர் அளவு மிகக் குறைவு, பயமில்லை. சதவீதம் துல்லியமாக வரும். உள்கொழுப்பைத் தனியாகப் பார்க்க சி.டி ஸ்கானும் எம்.ஆர்.ஐ-யும்தான் மிகச் சிறந்தவை, ஜப்பானில் தொப்புள் மட்டத்தில் சி.டி எடுத்து உள்கொழுப்பின் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஆபத்து என்று கணக்கிடுவார்கள். ஆனால் தம்பி, கொழும்புக்குப் போய் வருகிற செலவையும் ஸ்கான் காசையும் கூட்டிப் பாருங்கள். டெக்ஸா 24 என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? 26 என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே வேலைதான் செய்ய வேண்டியிருக்கும். அதோடு, இந்தச் சதவீதத்தில் இருந்து மாரடைப்பு ஆபத்துத் தொடங்குகிறது என்று உலகம் ஒத்துக்கொண்ட கோடு எதுவும் கொழுப்புச் சதவீதத்துக்கு இல்லை. இடுப்பளவுக்கு இருக்கிறது.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில், முதல் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையுமாக 27,000 பேரை அளந்தது. இலங்கையும் அதில் இருந்தது. பி.எம்.ஐ-யை விட இடுப்புக்கும் பின்புறத்துக்கும் உள்ள விகிதம்தான் மாரடைப்பை நன்றாகச் சுட்டிக்காட்டியது. இடுப்புக் கூடக் கூட ஆபத்து ஏறியது, பின்புறம் பெரிதாக இருந்தவர்களுக்கு ஆபத்துக் குறைந்தது. அதே ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சுமார் 53, மற்ற நாட்டவருக்கு 59-க்குக் கிட்ட. உங்கள் அப்பாவின் 51 அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே டேப்பை ஒழுங்காகப் பிடிக்கப் பழகுங்கள். தையல்காரர் வைத்திருக்கிற டேப் போதும், ஆனால் பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பாடசாலைப் பிள்ளையின் இரும்பு அடிமட்டத்தோடு ஒருமுறை வைத்துச் சரிபாருங்கள். சட்டை, பெனியன் இல்லாமல், கால்களைக் கொஞ்சம் அகட்டி நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் விரலை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தேடுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. மற்றப் பக்கத்திலும் அப்படி. டேப் அந்த இரண்டு புள்ளிகளின் மேலாகப் போக வேண்டும், முதுகுப் பக்கம் சரிந்துவிடக் கூடாது. கண்ணாடி முன் நிற்பது அல்லது மனைவியைப் பார்க்கச் சொல்வது நல்லது. டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சு விட்டு, விட்ட கடைசியில் வாசியுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். கிளினிக்கில் ஆண்கள் எல்லோரும் டேப்பைக் கண்ட உடனே மூச்சைப் பிடித்து உள்ளே இழுப்பார்கள். நான் "உங்கள் பிள்ளைக்கு என்ன பெயர் ஐயா?" என்று ஏதாவது கேட்பேன். பதில் சொல்ல வாய் திறந்தால் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும், அப்போது வாசிப்பேன். இரண்டு முறை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை.

டேப்புக்கும் குறை உண்டு. தோலுக்கு அடியில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று அது பிரிக்காது. கர்ப்பிணிக்கும், ஈரல் வருத்தத்தில் வயிற்றில் நீர் கட்டியவருக்கும் உதவாது. ஆனால் இன்னொரு சாட்சி பலருடைய வீட்டு அலுமாரியிலேயே கிடக்கிறது. கல்லுக்காகவோ வயிற்று வலிக்காகவோ முன்பு எப்போதாவது வயிற்று ஸ்கான் எடுத்திருப்பீர்கள். அந்த ரிப்போட்டில் ஒரு மூலையில் "ஃபேட்டி லிவர்" என்று எழுதியிருக்கும். "அது எல்லோருக்கும் இருக்கிறதுதானே" என்று மடித்து வைத்துவிடுவார்கள். மது குடிக்காத ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தால், உள்கொழுப்பு ஏற்கெனவே வழியத் தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இடுப்பு 92, ஃபேட்டி லிவர் ரிப்போட்டும் உண்டு என்றால், எந்த டெக்ஸாவும் அதற்கு மேல் புதிதாக ஒன்றும் சொல்லாது.

இனி, எனக்கும் வருமா என்ற கேள்வி. கொழுப்பளவு ஒன்றை மட்டும் வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இடுப்பளவு கதவைத் தட்டுகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இரத்தமும் பிரஷரும்தான் சொல்லும். இடுப்பு 90-ஐத் (பெண் என்றால் 80-ஐத்) தாண்டியவருக்கு இந்த நான்கில் இரண்டு இருந்தால் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று டாக்டர்கள் எடுப்பார்கள்: ட்ரைகிளிசரைட் 150-உம் மேலும், எச்.டி.எல் ஆணுக்கு 40-க்குக் கீழ், பெண்ணுக்கு 50-க்குக் கீழ், பிரஷர் மேல் எண் 130-உம் மேலும் அல்லது கீழ் எண் 85-உம் மேலும், வெறும் வயிற்றில் சீனி 100-உம் மேலும். கொழும்புக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கு இந்தப் பரிசோதனைகளுக்குப் போதும், அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் என்றால் அதுவும் தேவையில்லை. அங்கே டாக்டர் உங்கள் வயது, பிரஷர், புகைத்தல், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் வைத்துப் பத்து வருட ஆபத்தைப் பார்ப்பார். அட்டவணை 40 வயதில்தான் தொடங்குகிறது, உங்களுக்கு 34. அதனால் அப்பாவின் கதையை நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது தனியாகக் கணக்கில் எடுக்கப்படும்.

புகைக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. புகைத்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்துங்கள். இடுப்பு 78 உள்ள புகைக்காரரைப் பற்றி நான் 92 உள்ள புகைக்காதவரை விடக் கூடக் கவலைப்பட்டிருக்கிறேன்.

உள்கொழுப்பிடம் ஒரு நல்ல குணம் உண்டு, சீக்கிரம் சேர்ந்தது போலவே சீக்கிரம் கரையும். நடக்கத் தொடங்கினால் தராசில் ஒரு கிலோ கூட இறங்காமலே உள்கொழுப்புக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் எடையைப் பார்த்து மனம் சலிக்க வேண்டாம், டேப்பைப் பாருங்கள். உப்புவெளிக் கடற்கரை மணலில் வேகமாக அரை மணித்தியாலம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில், கிழமையில் ஐந்து நாள். தசை சேர்கிற பயிற்சியும் வேண்டும், ஜிம்முக்குப் போகிறவர் என்பதால் அது உங்களுக்குச் சுலபம். சாப்பாட்டில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தட்டில் சோற்றையோ புட்டையோ பாதியாக்கி, அந்த இடத்தில் மீனும் கீரையும் பருப்பும் வையுங்கள், மீனுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தேத்தண்ணீரில் போடுகிற சீனியை ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஈரலில் கொழுப்பாகிற சீனி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

84-க்கு ஒரேயடியாக இறங்க வேண்டும் என்று இல்லை. முதலில் 88. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, காலையில், அதே இடத்தில் அளந்து கலண்டரில் எழுதுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முதல் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், காலையில் தண்ணீர் மட்டும், தேத்தண்ணீர் வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது தந்த நோய் நிர்ணய அட்டை இருந்தால் அதையும், பழைய வயிற்று ஸ்கான் ரிப்போட் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். ரிசல்ட் வந்ததும் அந்த நான்கு எண்களையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.